இத்தாலியக் கால்பந்தை இரண்டு வரியில் முடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஐரோப்பியக் கால்பந்து பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. இங்கிலாந்துக்கு நான்கு பத்தி, ஸ்பெயினுக்கு மூன்று, ஜெர்மனிக்கு ஒன்றரை. இத்தாலிக்கு இரண்டே வரி. அந்த இரண்டில் ஒரு வரி, இத்தாலிய அணிகள் வழக்கம்போல் தற்காப்பு ஆடி ரசிகர்களைத் தூங்க வைக்கின்றன என்று சொல்கிறது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம், முடியவில்லை. முப்பது வருடமாக அந்த ஆட்டத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவன் நான். அதுவே என்னைத் தூங்க வைக்கிறது என்று யாராவது எழுதினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையில் இத்தாலியின் முதல் நிலை லீகின் பெயர் 'சீரிஸ் ஏ' என்று அச்சாகியிருந்தது. 'செரியே ஆ' என்பதுதான் உச்சரிப்பு. நம் 'சரியே' மாதிரிதான், முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். இதற்கெல்லாமா கடிதம் என்று நினைக்காதீர்கள், கிரிக்கெட் வீரர்களின் பெயரை எழுத்துப் பிசகாமல் போடுகிற பக்கம் அது என்பதால் சொல்கிறேன். கிரிக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. இத்தாலியின் மிகப் பழைய கால்பந்து கிளப்புகளில் ஒன்றான ஜெனோவாவின் முழுப்பெயர் இன்றைக்கும் 'ஜெனோவா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப்'. 1893ல் அங்கே இருந்த ஆங்கிலேயர்கள் தொடங்கியது. ஒன்பது முறை பட்டம் வென்ற கிளப், கடைசியாக வென்றது 1924ல். பெயரில் கிரிக்கெட் முன்னால் நிற்கிறதே, அதை நம்பியாவது உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கக் கூடாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ரசிகனானது 1994 உலகக் கோப்பையில். அமெரிக்காவில், பாசடேனாவில் இறுதி ஆட்டம், பிரேசிலும் இத்தாலியும். விடிய விடிய உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தில் 120 நிமிடமும் ஒரு கோல்கூட விழவில்லை, பெனால்டிக்குப் போனது. கடைசியில் ரொபெர்த்தோ பாஜ்ஜோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. அந்த மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து அப்படியே நின்றார். பின்னால் பிரேசில் கோல்கீப்பர் முட்டி போட்டு வானத்தைப் பார்க்கிறார், இவர் தரையைப் பார்க்கிறார். அந்த இறுதி ஆட்டம் வரைக்கும் இத்தாலியைத் தூக்கிக்கொண்டு வந்ததே பாஜ்ஜோதான். நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு என்று நாக் அவுட் சுற்றில் மட்டும் ஐந்து கோல். ஜெயித்தவனைப் பார்த்து ரசிகனாகிறவர்கள் நிறைய பேர். நான் தோற்றவனைப் பார்த்து ரசிகனானேன்.

ஆனால் அந்த ஆட்டத்தில் நான் அப்போது கவனிக்காத ஒன்று உண்டு, பல வருடம் கழித்து ஆட்டத்தை முழுசாக மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது. இத்தாலியின் கேப்டன் ஃபிராங்கோ பரேசி அதே தொடரில் நார்வேயுடன் ஆடும்போது முட்டியில் அடிபட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இறுதி ஆட்டத்தில் இறங்கி பிரேசிலின் முன்கள வீரர்கள் ரொமாரியோவையும் பெபெட்டோவையும் 120 நிமிடம் கட்டிப்போட்டார். கடைசியில் தசை பிடித்துக்கொண்டு நொண்டினார். பெனால்டியில் முதல் ஆளாக வந்து அவரும் வெளியே அடித்தார், அது யாருக்கும் ஞாபகமில்லை. கோல் விழாத அந்த 120 நிமிடம் அலுப்பு என்று உங்கள் கட்டுரையாளர் சொல்வார். இன்னொரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பந்தை விட்டுவிட்டு பரேசியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து எங்கே வரப்போகிறது என்று அதற்கு முன்பே தெரிந்த மாதிரி நாலு எட்டு நகர்ந்து நின்றிருப்பார். ஓடிப்போய் விழுந்து புரண்டு பந்தை எடுப்பது வேறு, பந்து வருகிற இடத்தில் ஏற்கெனவே நிற்பது வேறு. இரண்டாவது டிவி கேமராவில் அவ்வளவாக விழாது, அதுதான் சங்கடம்.

தற்காப்பு என்றால் பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்பது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதற்குக் காரணம் 'கத்தெனாச்சோ' என்கிற சொல். இத்தாலிய மொழியில் கதவுத் தாழ்ப்பாள் என்று அர்த்தம். 1960களில் இன்டர் மிலான் அணியின் பயிற்சியாளர் எலெனியோ எர்ரேரா இந்தப் பாணியால்தான் உலகப் புகழ் பெற்றார், 1964லும் 1965லும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை, இன்றைய சாம்பியன்ஸ் லீக். பின்களத்துக்கும் பின்னால் ஒரு ஆளை யாரையும் மார்க் செய்யாமல் சும்மா விட்டுவிடுவார்கள், எவனாவது தப்பி வந்தால் அவனைப் பிடிப்பது அந்த ஆளின் வேலை. தாழ்ப்பாள் அதுதான். ஆனால் அதே எர்ரேரா அணியில் இடது பின்களத்தில் ஜசிந்தோ ஃபக்கெத்தி என்று ஒருவர் இருந்தார், நெடுநெடுவென்று உயரம், பின்கள வீரராக இருந்துகொண்டு எதிரணி கோல் வரைக்கும் ஓடிப்போய் கோல் அடிப்பார். இன்றைக்கு எல்லா அணியிலும் ஃபுல்பேக் அப்படித்தான் ஓடுகிறான். தாழ்ப்பாள் போட்டவர்களே கதவைத் திறந்துவிட்டதும் உண்டு என்று யாராவது எழுதுகிறார்களா?

அப்புறம் அர்ரிகோ சாக்கி. இவர் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய அளவில் கால்பந்து ஆடியதே இல்லை, அப்பாவின் செருப்புத் தொழிலில் இருந்தவர். 1987ல் ஏசி மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தபோது, ஆடாதவனுக்கு என்ன தெரியும் என்று பத்திரிகைகள் கேட்டன. குதிரை ஓட்டுகிறவன் முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். அந்த அணியில் குலிட், வான் பாஸ்டன் என்று பெரிய ஆட்கள். இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, எங்களைச் சுதந்திரமாக ஆட விடுங்கள் என்று அவர்கள் முணுமுணுக்க, சாக்கி ஒரு பந்தயம் கட்டினாராம். அவரே சொன்னது இது. ஒரு பக்கம் கோல்கீப்பரும் நாலு பின்கள வீரர்களும், தஸ்ஸோத்தி, கொஸ்தகூர்த்தா, பரேசி, மால்தீனி. எதிரே பத்துப் பேர், குலிட், வான் பாஸ்டன், ரைகார்ட் எல்லாரும் அந்தப் பக்கம். பதினைந்து நிமிடத்தில் ஒரு கோல் அடித்துக் காட்டுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான், பந்து பறிபோனால் தங்கள் பாதியில் பத்து மீட்டர் பின்னாலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தும் முடியவில்லையாம்.

அந்த மிலான் 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று அடித்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் ஐரோப்பியக் கோப்பை. தற்காப்புக்குப் பேர்போன பின்களத்தை வைத்துக்கொண்டு ஐந்து கோல்! பின்னால் நிற்கிற நாலு பேரும் ஒரு கயிற்றில் கட்டின மாதிரி முன்னேறிக்கொண்டே இருப்பார்கள், எதிரணி முன்கள ஆட்கள் ஆஃப்சைடில் மாட்டிக்கொண்டு கையை விரிப்பார்கள். பரேசி ஒரு கையைத் தூக்குவார், லைன்ஸ்மேன் கொடி தூக்குவார். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன்.

என் தம்பி இங்கிலாந்து லீக் பைத்தியம். அவனுக்கும் எனக்கும் இது தீராத சண்டை. அண்ணே, நீ பார்க்கிறது கால்பந்து இல்லை, சதுரங்கம் என்பான். ஒருநாள் அவனை உட்காரவைத்து 2006 உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசி மூன்று நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். டார்ட்மண்ட் மைதானம், ஜெர்மனி அதுவரை தோற்றதே இல்லாத இடம். கூடுதல் நேரத்தில் 119வது நிமிடம், பிர்லோ ஆளைப் பார்க்காமலே தள்ளிக் கொடுத்த பந்தை கிரோஸ்ஸோ கோல் அடித்துவிட்டார். ஜெர்மனி முழுசாக மேலேறி வருகிறது. உள்ளே தூக்கிப் போட்ட பந்தை இத்தாலி கேப்டன் ஃபாபியோ கன்னவாரோ தலையால் முட்டி வெளியே தள்ளுகிறார். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை, தான் தள்ளிய பந்தின் பின்னாலேயே ஓடி, அதை எடுக்க வந்த பொடோல்ஸ்கியிடமிருந்து மறுபடி பறிக்கிறார். பந்து தொத்திக்கு, தொத்தியிடமிருந்து ஜிலார்தீனோவுக்கு, ஜிலார்தீனோ கோலைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் தள்ள, பின்னாலேயே ஓடிவந்த தெல் பியேரோ கோல்கீப்பருக்கு மேலாக மூலையில் வளைத்துப் போடுகிறார். 2-0. பத்துப் பன்னிரண்டு விநாடிதான் இருக்கும். தம்பி ஒன்றும் பேசவில்லை. கன்னவாரோவை மட்டும் மறுபடி காட்டு என்றான்.

கன்னவாரோ பின்கள வீரர்களில் குள்ளம். ஆனால் அவர் குதித்தால் ஆறடி ஆட்களும் கீழே நிற்பார்கள். அந்தத் தொடரில் ஏழு ஆட்டத்திலும் சேர்த்து இத்தாலி வாங்கியது இரண்டே கோல், ஒன்று தங்கள் ஆளே போட்டுக்கொண்ட சேம்சைடு கோல், இன்னொன்று இறுதி ஆட்டத்தில் ஜிடேன் அடித்த பெனால்டி. எதிரணி ஆள் ஓட்டத்தில் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. அந்த வருடம் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது ஒரு பின்கள வீரருக்கு, கன்னவாரோவுக்குப் போனது. இவ்வளவும் எப்போது? நாட்டில் ஆட்ட முறைகேட்டுப் புகார் வெடித்து, யுவென்டஸ் இரண்டாம் நிலை லீகுக்குத் தள்ளப்பட்ட அதே கோடையில். கன்னவாரோ, கோல்கீப்பர் புஃப்பொன், தெல் பியேரோ எல்லாருமே யுவென்டஸ் ஆட்கள்தான். உலகக் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினால் கிளப் செரியே பே-யில் இருக்கிறது. புஃப்பொனும் தெல் பியேரோவும் அங்கேயே தங்கி இரண்டாம் நிலை லீகில் ஆடினார்கள், கன்னவாரோ ரியல் மாட்ரிட் போய்விட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை.

கோல் வேண்டும் என்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2025 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இன்டர் மிலானும் பார்சிலோனாவும். பார்சிலோனாவில் 3-3, மிலானின் சான் சிரோ மைதானத்தில் இன்டருக்கு 4-3, மொத்தம் பதின்மூன்று கோல். இரண்டாவது ஆட்டத்தில் இன்டர் இரண்டு கோல் முன்னால் போய், அதைத் தொலைத்து, 87வது நிமிடத்தில் மூன்றாவதும் வாங்கிவிட்டது. நான் டிவியை அணைக்கப் போனேன், சத்தியமாகச் சொல்கிறேன், ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். பார்சிலோனா பையன் யமால் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் ஒரு நிமிடம் தள்ளிப்போட்டேன். இஞ்சுரி டைமில், 93வது நிமிடத்தில், டம்ஃப்ரீஸ் வலது பக்கத்திலிருந்து குறுக்கே போட, கோலுக்கு முன்னால் நின்றது யார்? ஃபிரான்செஸ்கோ அச்செர்பி. 37 வயது, பின்கள வீரர், இரண்டு முறை புற்றுநோயிலிருந்து மீண்டவர், இடது கால்காரர். வலது காலால் மேல் மூலைக்கு அடித்தார். ஒரு ஸ்டாப்பர் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது, பயிற்சியாளருக்கே தெரிந்திருக்காது. நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் ஃபிராத்தேசி அடித்து முடித்தார். தூங்க வைக்கும் ஆட்டமாம்!

இறுதி ஆட்டத்தில் பாரிஸ் அணியான பிஎஸ்ஜியிடம் 5-0 என்று இன்டர் நொறுங்கியது, ஐரோப்பியக் கோப்பை இறுதியில் அதுவரை யாரும் அவ்வளவு வித்தியாசத்தில் தோற்றதில்லை. அதையும் முழுசாகப் பார்த்தேன்.

ஐரோப்பாவில் மற்ற இடங்களிலும் எனக்குப் பிடித்தது உண்டு, இத்தாலி மட்டும்தான் என்று கண்ணை மூடிக்கொள்கிற ஆள் இல்லை. பில்பாவோவின் அத்லெடிக் கிளப் பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ள வீரர்களை மட்டுமே வைத்துக்கொண்டு ஸ்பெயினின் முதல் நிலை லீகிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. பெர்லினில் யூனியன் அணியின் ரசிகர்கள் காசு இல்லாத காலத்தில் தாங்களே கரண்டியும் சிமென்ட்டுமாக இறங்கி மைதானத்தைப் புதுப்பித்தார்கள். இந்த மாதிரி விஷயங்களும் உங்கள் பக்கத்தில் வரவில்லை. மாட்ரிட்டில் யார் யாரை எத்தனை கோடிக்கு வாங்கினார்கள் என்பதுதான் வருகிறது.

இத்தாலி மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு இன்னொரு காரணம், அங்கே பட்டம் சில நேரம் எதிர்பாராத ஊருக்குப் போகும். 1970ல் சார்தீனியா தீவின் கல்யாரி, ஜீஜீ ரீவா என்கிற ஒரு முன்கள வீரரின் இடது காலை நம்பி. பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் அவர் அந்தத் தீவை விட்டுப் போகவே இல்லை. 1985ல் வெரோனா. 1991ல் சம்ப்தோரியா. 2020 முதல் 2025 வரை ஆறு சீசனில் நான்கு வெவ்வேறு சாம்பியன்கள், யுவென்டஸ், இன்டர், மிலான், நாபோலி. 2024ல் பெர்கமோ ஊரின் அத்தலாந்தா ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் கோப்பையான யூரோப்பா லீக் இறுதியில் ஜெர்மனியின் லெவர்குசனை 3-0 என்று அடித்தது, அந்த லெவர்குசன் 51 ஆட்டமாகத் தோற்காமல் வந்த அணி. கொரோனா முதல் அலையில் ஐரோப்பாவிலேயே மோசமாக அடிபட்ட ஊர் பெர்கமோ என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கோப்பையைப் பார்த்தால் தொண்டை அடைக்கும்.

நாபோலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1984ல் தரமிறங்காமல் தப்பிப் பிழைத்திருந்த அணி அது, பணக்கார வடக்கு ஊர்கள் ஏளனமாகப் பார்த்த தெற்கத்தி ஊர். அங்கே மரடோனா வந்தார். ஆட்டம் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா அவரைப் பார்ப்பதற்கே மைதானம் நிரம்பியது. 1987ல் முதல் பட்டம் வந்தபோது கல்லறைச் சுவரில் யாரோ எழுதினார்களாம், நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது என்று. செத்தவர்களுக்கு எழுதியது! 1990ல் இரண்டாவது பட்டம், அதற்குப் பிறகு 33 வருடம் ஒன்றும் இல்லை, நடுவில் கிளப் திவாலாகி மூன்றாம் நிலைக்குப் போய்த் திரும்பியது. 2023ல் மறுபடி வென்றபோது மரடோனா இல்லை, மைதானத்துக்கு அவர் பெயர் இருந்தது. 2025ல் நான்காவது பட்டம், இன்டரை விட ஒரே ஒரு புள்ளி கூடுதல். கடைசி நாள் ஆட்டத்தில் அந்தரத்தில் கத்திரி போட்டு முதல் கோல் அடித்தவர் மெக்டாமினே என்கிற ஸ்காட்லாந்துக்காரர். மான்செஸ்டர் யுனைடெட் வேண்டாம் என்று விற்ற ஆள். அந்த வருட செரியே ஆ-வின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. தம்பிக்கு அன்று நான் அனுப்பிய செய்தியை இங்கே எழுத முடியாது.

சோகமும் அங்கே நிறைய. 1940களில் டொரினோ அணியை வெல்ல ஆளில்லை. 1947ல் ஒரு ஆட்டத்தில் தேசிய அணியின் பதினோரு பேரில் பத்துப் பேர் டொரினோ வீரர்கள், அப்படிப்பட்ட அணி. 1949 மே 4, லிஸ்பனில் ஆடிவிட்டுத் திரும்பும்போது அவர்கள் வந்த விமானம் மூடுபனியில் சூப்பர்கா குன்றின் மேலிருந்த தேவாலயத்தின் பின்சுவரில் மோதியது. 31 பேரும் போய்விட்டார்கள். சீசனில் இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி. டொரினோ தன் இளைஞர் அணியை இறக்கியது. எதிரே வந்த நான்கு கிளப்புகளும் பெரிய ஆட்களை வெளியே வைத்துவிட்டுத் தங்கள் இளைஞர் அணியையே இறக்கின. இன்றைக்கும் மே 4 அன்று டொரினோ கேப்டன் அந்தக் குன்றுக்குப் போய் இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்.

ரசிகன் என்பதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. ஸ்வீடனுக்கு எதிராக ஒரு கோல் அடித்திருந்தால்கூடத் தாக்குப்பிடித்திருக்கலாம் என்கிற நிலையில், மாற்று ஆளாக இறங்கத் தயாராகச் சொன்னபோது நடுக்கள வீரர் தே ரொஸ்ஸி, நமக்கு வேண்டியது ஜெயிப்பு, டிரா இல்லை, என்னை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று பெஞ்சில் இருந்த முன்கள வீரர் இன்சிஞ்ஞேயைக் கையால் காட்டினார். பயிற்சியாளர் இன்சிஞ்ஞேயையும் இறக்கவில்லை. 2022க்கும் தகுதி இல்லை, பலெர்மோவில் 32 முறை கோலை நோக்கி அடித்துவிட்டு வடக்கு மாசிடோனியாவிடம் இஞ்சுரி டைமில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். அந்த கோலை அடித்தவர் முன்பு பலெர்மோ கிளப்பிலேயே ஆடியவர், அந்தக் கொடுமையை என்ன சொல்ல. மைதானங்கள் பழசு, பெரும்பாலானவை நகராட்சிக்குச் சொந்தம், டிவி பணத்தில் இங்கிலாந்துக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதைவிட வெட்கக்கேடு, கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போடுகிற கூட்டம். 2024 ஜனவரியில் ஊதினே மைதானத்தில் மிலான் கோல்கீப்பர் மைக் மெய்ஞான் பொறுக்கமுடியாமல் வெளியே நடந்தார், கூடவே அணியும் நடந்தது, ஆட்டம் சில நிமிடம் நின்றது. திரும்பி வந்து மிலான் 3-2 என்று வென்றது. அவரைப் பாராட்டலாம், ஆனால் அவர் நடக்க வேண்டி வந்ததே கேவலம். இதையெல்லாம் திட்டி எழுதுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அலுப்பு என்று மட்டும் எழுதாதீர்கள்.

தகுதி பெறாத அந்த இரண்டு அவமானத்துக்கும் நடுவில்தான் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை, யூரோ, வந்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021ல் நடந்த தொடர், லண்டன் வெம்ப்ளியில் இறுதி ஆட்டம், இரண்டாவது நிமிடத்திலேயே இங்கிலாந்து கோல். இத்தாலி மெதுவாகப் பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 67வது நிமிடத்தில் சமன் செய்த கோல் பொனூச்சி அடித்தது, அவரும் பின்கள வீரர்தான் என்பதை உங்கள் கட்டுரையாளர் குறித்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிகிற நேரத்தில் இங்கிலாந்துப் பையன் சாக்கா தப்பித்து ஓடப் பார்க்க, 36 வயது கியெல்லீனி பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நாய்க்குட்டியைக் கழுத்தில் பிடித்துத் தூக்குவது போல! நல்ல செயல் என்று சொல்லவில்லை, மஞ்சள் அட்டையும் வாங்கினார், ஆனால் அந்த முகத்தில் கொஞ்சம்கூடக் குற்ற உணர்வு இல்லை. பெனால்டியில் கடைசிப் பந்தைத் தடுத்த கோல்கீப்பர் தொன்னருமாவுக்குக் கோப்பை வந்துவிட்டது என்றே உறைக்கவில்லை, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போனார், மற்றவர்கள் ஓடிவந்து மேலே விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு நான் பார்த்தது கோப்பையை இல்லை. பயிற்சியாளர் மான்சீனியையும் அணி நிர்வாகத்தில் இருந்த ஜான்லூக்கா வியால்லியையும். இரண்டு பேரும் இளைஞர்களாக சம்ப்தோரியாவில் ஒன்றாக முன்களத்தில் ஆடியவர்கள். 1992ல் இதே வெம்ப்ளியில், பழைய மைதானத்தில், கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பார்சிலோனாவிடம் கூடுதல் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக் வாங்கித் தோற்றவர்கள். இருபத்தொன்பது வருடம் கழித்து அதே இடத்தில் நரைத்த தலையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், விடவே இல்லை. வியால்லி கணையப் புற்றுநோயோடு போராடியவர். 2023 ஜனவரியில் போய்விட்டார். அந்தத் தொடரில் முதல் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது அணியின் பஸ் தவறுதலாக வியால்லியை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டதாம், அந்த ஆட்டம் ஜெயித்ததால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேண்டுமென்றே அவரை விட்டுவிட்டுக் கிளம்புவது போலக் கிளம்பி, பிறகு நிறுத்தி ஏற்றிக்கொண்டார்களாம். பெரிய மனிதர்கள், கோடிக்கணக்கில் சம்பளம், பஸ்ஸுக்குச் சகுனம் பார்க்கிறார்கள்! அவர்களை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள், பத்திரிகைக்காரர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். இத்தாலியில் 'லா கஜெட்டா தெல்லோ ஸ்போர்ட்' என்று ஒரு விளையாட்டு நாளிதழ், 1896ல் தொடங்கியது, ரோஸ் நிறக் காகிதத்தில் வரும். அங்கே விளையாட்டுப் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் இரண்டு அணியிலும் ஆடிய எல்லாருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள், பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் திருத்துவது போல. ஆறு வாங்கினால் பாஸ். ஏழு என்றால் அன்றைக்குப் பிரமாதம். பத்து கிடைப்பது குதிரைக்கொம்பு. பயிற்சியாளருக்கும் மார்க், ரெஃபரிக்கும் மார்க். பக்கத்திலேயே ஒரே வரியில் காரணம். கோல் அடிக்காத, பந்தையே அதிகம் தொடாத ஒரு பின்கள வீரருக்கு ஏழரை போட்டு ஏன் என்று எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு ஆட்டத்தை மறுபடி பார்த்தால் அட, ஆமாம் என்று இருக்கும். எனக்கு ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்த மார்க்குகள்தான். மொழி தெரியாமல் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் முழு ஆட்ட வர்ணனைக்கு இடம் இல்லை என்பது தெரியும். வாரத்துக்கு ஒரு செரியே ஆ ஆட்டம், திங்கட்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ, எட்டு வரி, மூன்று பேருக்கு மார்க், அதில் ஒருவர் கட்டாயம் பின்களத்து ஆள். அவ்வளவுதான் கேட்கிறேன். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். எப்படியும் அந்த நேரத்தில் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு நான் கொடுத்த மார்க் நாலரை. பார்சிலோனா பற்றிய பத்தி நன்றாக இருந்ததால் அரை கூடப் போட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்